20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு எந்த புஷ்? சின்டர்ட் வெண்கலம், டியூ, இக்லிடூர் ஜி

ஷாஃப்ட் 20 மி.மீ., அது உள்ளே நுழைந்து சுழலும் குழாய் வடிவத் தாங்கியான புஷ்ஷின் நீளமும் 20 மி.மீ. எங்கும் புழங்கும் இந்த அளவைக் கேட்டால் கடைக்காரர் மூன்று விதமாக எடுத்து வைப்பார். முதலாவது எண்ணெய் ஊறிய சின்டர்ட் (தூளை அழுத்திச் சுட்ட) வெண்கல புஷ், எஸ்.ஏ.இ. 841 தரம், ஆயில் புஷ் என்று கேட்டாலும் இதுதான் வரும். இரண்டாவது டியூ புஷ். எஃகுத் தகட்டின் மேல் வெண்கலத் துகளைச் சுட்டுப் பிடிக்கவைத்து, அந்தத் துளைகளில் டெஃப்லானையும் ஈயத்தையும் அழுத்தி நிரப்பிச் சுருட்டியது. டியூ என்பது ஜி.ஜி.பி. நிறுவனத்தின் பெயர், அதே அமைப்பில் இன்று பலர் தயாரிக்கிறார்கள். மூன்றாவது ஜெர்மனியில் கொலோன் நகரத்து இகுஸ் நிறுவனத்தின் இக்லிடூர் ஜி, சாம்பல் நிற பிளாஸ்டிக் புஷ்.

மூன்றும் நல்ல சரக்கு. இடம் மாறினால் மூன்றும் கெட்ட சரக்கு. நிற்காமல் சுற்றும் ஷாஃப்ட், நடுத்தர லோடு என்றால் சின்டர்ட் புஷ்ஷை எடுங்கள். அதன் விலைக்கு அந்த வேலையைச் செய்ய வேறு ஆளில்லை. மெதுவாக ஆடும், ஆனால் பெரிய லோடு தாங்கும் பின், லிங்க், பிவட் (ஆடும் மூட்டு) என்றால் டியூ. தூசி, எண்ணெய் ஆகாத இடம், யாரும் கவனிக்காத மூலை, லோடும் வேகமும் குறைவு என்றால் இக்லிடூர் ஜி. இந்த முடிவுக்குக் காரணம் கேட்லாக்கில் மூன்று எண்களாக இருக்கிறது. அந்த எண்களைச் சரியாகப் படிக்காததால்தான் புஷ்கள் எரிகின்றன.

மூன்று எண்கள், மூன்று தனித்தனி வேலிகள்

எந்த புஷ் கேட்லாக்கை எடுத்தாலும் அதிகபட்ச அழுத்தம், அதிகபட்ச வேகம், ஓடும்போது உள்ள அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் பிவி என்று மூன்று வரம்புகள் இருக்கும். அழுத்தம் என்பது லோடை புஷ்ஷின் உள்விட்டமும் நீளமும் பெருக்கிய பரப்பால் வகுத்தது. நம் புஷ்ஷில் அந்தப் பரப்பு 20 பெருக்கல் 20, அதாவது 400 சதுர மி.மீ. வேகம் என்பது ஷாஃப்ட்டின் மேற்பரப்பு உரசும் வேகம்.

எஸ்.ஏ.இ. 841 புஷ்ஷுக்கு அழுத்தம் 14 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன்), வேகம் விநாடிக்கு 6 மீட்டர், பிவி 1.75. டியூவுக்கு ஆடும் லோடில் 140 மெகாபாஸ்கல், எண்ணெய் இல்லாமல் 2.5 மீட்டர், தொடர் ஓட்டத்தில் பிவி 1.8. இக்லிடூர் ஜி-க்கு 20 டிகிரியில் 80 மெகாபாஸ்கல், தொடர்ந்து சுற்றினால் 1 மீட்டர், பிவி 0.42. பிவியின் அலகு மூன்றுக்கும் மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டர்/விநாடி.

இப்போது 14-ஐயும் 6-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 84 வரும். கேட்லாக் அனுமதிப்பதோ 1.75, ஏறக்குறைய 48-ல் ஒரு பங்கு. டியூவில் 140 பெருக்கல் 2.5 என்றால் 350, அனுமதி 1.8. இக்லிடூர் ஜி-யில் 80, அனுமதி 0.42. ஆக, அழுத்த வரம்பும் வேக வரம்பும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. ஒன்றின் உச்சத்துக்குப் போனால் இன்னொன்றை ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டும்.

நம் அளவு புஷ்ஷில் இதை லோடாகவும் ஆர்.பி.எம். ஆகவும் மாற்றினால் இன்னும் தெளிவு. சின்டர்ட் புஷ் 14 மெகாபாஸ்கலில் 5,600 நியூட்டன், அதாவது 570 கிலோ சுமக்கும். ஆனால் அப்போது 119 ஆர்.பி.எம். தாண்டக் கூடாது. அதே புஷ் 6 மீட்டர் வேகத்தில், அதாவது 5,730 ஆர்.பி.எம்.மில் ஓடும், ஆனால் 12 கிலோதான் சுமக்கும். டியூ 140 மெகாபாஸ்கலில் ஐந்தரை டன்னுக்கு மேல் தாங்கும், வேகம் 12 ஆர்.பி.எம். 2,387 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் லோடு 29 கிலோ. இக்லிடூர் ஜி 955 ஆர்.பி.எம்.மில் 17 கிலோ. "எண்பது மெகாபாஸ்கல் தாங்கும் பிளாஸ்டிக்" என்ற விளம்பர வரியைப் படித்துவிட்டு இதை கன்வேயர் டிரைவ் ஷாஃப்ட்டில் போடுபவர்கள் இந்த 17 கிலோவைப் பார்ப்பதில்லை.

விட்டத்தைக் கூட்டினால் பிவி குறையாது

புஷ் அடிக்கடி எரிகிறது என்றால் பட்டறையில் முதலில் வரும் யோசனை ஷாஃப்ட்டைத் தடிமனாக்குவது. அதனால் பிவி ஒரு துளியும் இறங்காது. விட்டம் 20-லிருந்து 30 ஆனால் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிறது, உரசும் வேகம் ஒன்றரை மடங்காகிறது. பெருக்கினால் பழைய எண்தான். கணக்கை எழுதினாலே விட்டம் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது இதுதான்: லோடை நியூட்டனில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கி, புஷ் நீளம் மி.மீ.யால் வகுத்து, மறுபடி 19,100-ஆல் வகுத்தால் பிவி. சுற்றும் ஷாஃப்ட்டுக்கு இந்த ஒரு வரி போதும். மனக்கணக்காகவே போடலாம்.

60 கிலோ லோடு, 600 ஆர்.பி.எம்., 20 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஏறக்குறைய 600 நியூட்டன். ஆக 600 பெருக்கல் 600, வகுத்தல் 20, வகுத்தல் 19,100: பிவி 0.94. இக்லிடூர் ஜி-க்கு இரு மடங்குக்கும் மேலே, உடனே தள்ளிவிடலாம். சின்டர்ட் புஷ்ஷுக்கும் டியூவுக்கும் வரம்பில் ஏறக்குறைய பாதி. பாதி என்பது நாம் விரும்பும் மேல் எல்லை. அதற்கு மேல் போகிற எந்த வடிவமைப்பையும் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல முடியாது.

விட்டத்தைக் கூட்டுவதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. உராய்வால் பிறக்கும் மொத்த வெப்பம் உராய்வெண், லோடு, வேகம் மூன்றின் பெருக்கல். வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஒன்றரை மடங்கு. மாறாக நீளத்தை 20-லிருந்து 30 ஆக்கினால் மொத்த வெப்பம் அப்படியே இருக்கும், ஆனால் அது பரவும் பரப்பு கூடும், பிவி மூன்றில் இரண்டு பங்காகும். ஆகவே கூட்ட வேண்டியது நீளம். அதற்கும் எல்லை உண்டு: நீளம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஷாஃப்ட் வளையும்போது லோடு முழுவதும் புஷ்ஷின் ஓர் ஓரத்தில் உட்காரும். கழற்றிப் பார்த்தால் ஒரு முனையில் மட்டும் பளபளவென்று அரை வட்டத் தேய்மானம் தெரியும். அங்கே உண்மையான அழுத்தம் கணக்கில் வந்ததைவிடப் பல மடங்கு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நீளமான புஷ்ஷுக்குப் பதில் இரண்டு குட்டை புஷ்களை இடைவெளி விட்டுப் போடுவதே சரி.

பிவி உண்மையில் சொல்வது வெப்பத்தை

ஒரு மெகாபாஸ்கல் பெருக்கல் ஒரு மீட்டர்/விநாடி என்பது ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு வாட். அதை உராய்வெண்ணால் பெருக்கினால் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் பிறக்கும் வெப்பம் கிடைக்கும். மேலே சொன்ன 0.94 பிவியில், உராய்வெண் 0.1 என்றால், 400 சதுர மி.மீ.க்கு 38 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு வெப்பம் புஷ் உட்காரும் கூடான ஹவுசிங்குக்குள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது வெளியேற வழி இருந்தால் புஷ் பிழைக்கும், இல்லாவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

கேட்லாக்கில் இருக்கும் பிவி, சோதனைக் கூடத்தில், தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த ஷாஃப்ட்டில், அவர் தேர்ந்தெடுத்த வேகத்தில் அளந்தது. உராய்வும் வெப்பமும் ஒரு நிலைக்கு வராமல் ஏறத் தொடங்கும் புள்ளிதான் வரம்பு. வேகத்தை மாற்றிச் சோதித்தால் வரம்பும் மாறும். ஒரு நிறுவனத்தின் 0.42-ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 0.5-ஐயும் பக்கத்தில் வைத்து "இது அதைவிட மேல்" என்று சொல்ல முடியாது. ஜி.ஜி.பி. தன் வடிவமைப்புக் கையேட்டில் இதை நேர்மையாகக் கையாள்கிறது: நேரடி பிவியை விட்டுவிட்டு, வெப்பநிலை, ஹவுசிங் உலோகம், ஷாஃப்ட் மேற்பரப்பு, புஷ் அளவு ஆகியவற்றுக்குத் திருத்தக் காரணிகள் போட்டு ஆயுள் கணக்கிடச் சொல்கிறது. அந்தப் பக்கங்களுக்காகவே அந்தக் கையேட்டைப் பரிந்துரைக்கலாம்.

அலகு விஷயத்திலும் கவனம் தேவை. அமெரிக்க கேட்லாக்கில் 841-க்கு 50,000 என்று இருக்கும். அது பி.எஸ்.ஐ. (பவுண்டு/சதுர அங்குலம்) பெருக்கல் அடி/நிமிடம், 28,550-ஆல் வகுத்தால் நம் 1.75. சில ஆசிய கேட்லாக்குகளில் கிலோ/சதுர செ.மீ. பெருக்கல் மீட்டர்/நிமிடம் என்று 1,000-ஐ ஒட்டி ஓர் எண் இருக்கும். அதை 612-ஆல் வகுக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பார்க்காமல் ஆர்டர் போடுவது ஆபத்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இஞ்சின் பிக் எண்ட் பேரிங், டர்பைன் பேரிங் போல பம்ப் வைத்து எண்ணெய் ஊட்டும் பேரிங்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. கவனிக்க வேண்டியது படலத்தின் தடிமன். பிவி என்பது உலர்ந்தும் அரைகுறை எண்ணெயிலும் ஓடும் புஷ்களுக்கான அளவுகோல்.

சின்டர்ட் புஷ்: விலைக்கு மேல் உழைக்கும்

90 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம் தூளாக அழுத்திச் சுட்டது. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய். 20 உள்விட்டம், 26 வெளிவிட்டம், 20 நீளம் என்ற புஷ்ஷின் கொள்ளளவு 4.3 கன செ.மீ.; அதில் எண்ணெய் முக்கால் கிராமை ஒட்டித்தான். வாழ்நாள் முழுவதற்கும் அந்த முக்கால் கிராம்தான் சொத்து. இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்யக் கூடாதவை தாமாகவே விளங்கும்.

ஓடும்போது சூடேறி எண்ணெய் துளைகளிலிருந்து வெளியே வருகிறது, ஷாஃப்ட்டின் சுழற்சி அதை லோடு விழும் பக்கத்துக்கு இழுத்துச் செல்கிறது. நின்றதும் துளைகள் எண்ணெயைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்வது ஒரே திசையில், நல்ல வேகத்தில், நீண்ட நேரம் சுற்றும்போது. டேபிள் ஃபேன் மோட்டாரில் இது காலங்காலமாக நிற்பதன் காரணம் அதுதான்: வேகம் அதிகம், லோடு அற்பம், திசை ஒன்று. சிறிய கோணத்தில் முன்னும் பின்னும் ஆடும் பின்னில் எண்ணெய் இழுபடுவதே இல்லை; அங்கே 1.75 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். நிமிடத்துக்குப் பலமுறை நின்று கிளம்பும் இடத்திலும் அப்படியே.

வெப்பத்துக்கு எல்லை 90 டிகிரியை ஒட்டி. அதற்கு மேல் எண்ணெய் கெட்டுப் பிசினாகித் துளையை அடைக்கும். ஹவுசிங்கின் வெளிப்புறம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 70 டிகிரி காட்டினால் உள்ளே அதைவிடச் சூடு என்று எடுத்துக்கொண்டு லோடையோ வேகத்தையோ குறைப்பது நல்லது.

இந்த புஷ்ஷைக் கொல்வது பெரும்பாலும் பொருத்தும் கைதான். புது புஷ்ஷை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ போட்டுக் கழுவினால் எண்ணெய் கரைந்து போய்விடும். அட்டைப் பெட்டியிலோ மரப் பலகையிலோ மாதக்கணக்கில் வைத்திருந்தால் அட்டை எண்ணெயைக் குடித்துவிடும். மூடிய பிளாஸ்டிக் பையிலேயே வைக்க வேண்டும். சுத்தியால் தட்டினால் ஓரம் நசுங்கும். ஆர்பர் பிரஸ்ஸில் (கையால் இயக்கும் அழுத்து இயந்திரம்), ஷாஃப்ட் அளவுக்கு மெருகேற்றிய படி வைத்த மேண்ட்ரல் (புஷ்ஷுக்குள் நுழையும் தண்டு) கொண்டு, ஒரே அழுத்தில் நேராக இறக்க வேண்டும். ஹவுசிங் துளை எச்7 (துளை அளவில் எவ்வளவு விலகலாம் என்பதற்கான தரக் குறியீடு) என்றால் புஷ் இறங்கும்போது உள்விட்டம் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டுத்தான் தயாரிப்பாளர் உள்விட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்திருக்கிறார். மேண்ட்ரல் அதைச் சரியான அளவில் நிறுத்தும்.

அதன் பிறகும் ஷாஃப்ட் இறுக்கமாக இருந்தால் கை உடனே துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமருக்குப் போகும். போகக் கூடாது. ரீமர் வெண்கலத்தை வெட்டுவதோடு துளைகளின் வாயையும் தேய்த்து மூடிவிடும். ரீமர் போட்ட புஷ்ஷின் உள்பக்கம் கண்ணாடிபோல் மின்னும்; போடாத புஷ்ஷின் உள்பக்கம் மங்கலாக, நுண்துளைகளோடு, விரலில் லேசாக எண்ணெய்ப் பசை ஒட்டும். மின்னுவது அழகுதான், ஆனால் அந்த புஷ் இனி வெறும் வெண்கலம். அளவைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் மெருகேற்றிய எஃகு உருண்டையையோ பர்னிஷிங் மேண்ட்ரலையோ ஒரு முறை தள்ளி எடுங்கள், அல்லது மிகக் கூர்மையான கார்பைடு டூலில் மெல்லிய கடைசி வெட்டாக போரிங் செய்யுங்கள்.

கிரீஸ் வேண்டாம். கிரீஸில் இருக்கும் சோப்பு துளையை அடைக்கும். கூடுதல் ஆயுள் வேண்டுமென்றால் ஹவுசிங்கில் ஒரு பள்ளம் எடுத்து, எண்ணெயில் நனைத்த ஃபெல்ட்டை புஷ்ஷின் வெளிப்பக்கம் தொடும்படி வைத்தால் போதும். சுவர் வழியாகவே எண்ணெய் உள்ளே ஊறும். காய்ந்துபோன நல்ல புஷ்ஷை எறியவும் தேவையில்லை. எஸ்.ஏ.இ. 30 ரக டர்பைன் எண்ணெயை 80 டிகிரி வரை சூடாக்கி, புஷ்ஷை மூழ்கவைத்து, அதிலேயே ஆறவிட்டால் பெரும்பகுதி திரும்ப ஏறும். வேக்கம் பம்ப் இருந்தால் இன்னும் நன்றாக ஏறும்.

வாங்கும்போது இரண்டு சோதனைகள். முதலில் காந்தம். ஒட்டினால் அது இரும்புத் தூள் புஷ். அதற்கும் இடம் உண்டு, ஆனால் 841 விலைக்கு வாங்கக் கூடாது. அடுத்து தராசு. எண்ணெயோடு சேர்த்து அடர்த்தி 6.4-லிருந்து 6.8 வரை இருக்க வேண்டும் என்பதால் மேலே சொன்ன அளவு புஷ் 28-லிருந்து 29 கிராம் சுற்றி நிற்க வேண்டும். 38 கிராம் காட்டினால் அது துளையே இல்லாத கடைசல் வெண்கலம். ஒரு நகைத் தராசும் ஒரு துண்டு காந்தமும் போதும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

டியூ: லோடுக்குப் பிறந்தது

இங்கே எண்களில் மிக முக்கியமானது அழுத்தம். 20 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன் லோடு, நடுவிலிருந்து இருபக்கமும் 30 டிகிரி ஆட்டம், நிமிடத்துக்கு 10 முறை என்று ஒரு பிவட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஆட்டத்தில் ஷாஃப்ட் உரசும் தூரம் 21 மி.மீ.; வேகம் விநாடிக்கு 0.0035 மீட்டர். அழுத்தம் 50 மெகாபாஸ்கல். பிவி 0.175 மட்டுமே. பிவியை மட்டும் பார்த்தால் சின்டர்ட் புஷ் வரம்பில் பத்தில் ஒரு பங்கில் சுகமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் அழுத்த வரம்பு 14. இங்கே மூன்றரை மடங்கு தாண்டிவிட்டது. துளைகள் நசுங்கி, புஷ் முட்டை வடிவமாகும். டியூவுக்கு இது வரம்புக்குள் நன்றாக அடங்கும் லோடு.

டியூவின் உராய்வு லோடு கூடக் கூடக் குறையும்: கனமான லோடு, மெதுவான வேகத்தில் 0.02 வரை இறங்கும். லேசான லோடு, அதிக வேகத்தில் 0.25 வரை ஏறும். லேசான லோடில் வேகமாகச் சுற்றும் இடத்துக்கு இதைப் போடுவது இதனால்தான் வீண். ஓட்டம் தொடங்கியதும் மேல் பூச்சிலிருந்து கொஞ்சம் டெஃப்லான் ஷாஃப்ட்டுக்கு இடம் மாறும். பிறகு டெஃப்லான் மேல் டெஃப்லான் உரசும். முதல் நாளில் தெரியும் சிறு தேய்மானம் இந்த இடமாற்றம்தான், குறை அல்ல.

மேல் பூச்சு 0.01-லிருந்து 0.03 மி.மீ.தான். ஆகவே உள்பக்கத்தைக் கடைசல் செய்வது, ரீமர் போடுவது, எமரி தேய்ப்பது எதுவும் கூடாது. ஹவுசிங்கை எச்7-க்குள், அதாவது இந்த டியூவின் வெளிவிட்டமான 23 மி.மீ.க்கு 0.021-க்குள் போர் செய்ய முடியாவிட்டால் டியூவை வாங்கவே வேண்டாம். துளை சிறிதானால் ஷாஃப்ட் இறங்காது, பெரிதானால் புஷ் சுழலும். ஷாஃப்ட் கிரைண்டிங் செய்து 0.4 மைக்ரானுக்குள் மழமழப்பாக, எஃப்7 (ஷாஃப்ட்டுக்கான அதே வகைக் குறியீடு) அளவில், முனையில் பிசிறு இல்லாமல் சாய்வெட்டோடு இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பிரைட் பாரை (இழுத்து மினுக்கிய எஃகுத் தண்டை) அப்படியே நுழைத்தால் அதன் இழுவைக் கோடுகள் பூச்சை வாரிக்கொண்டு போகும். ஷாஃப்ட்டில் சர்க்ளிப் (பூட்டு வளையம்) பள்ளம் இருந்தால் அதன் ஓரத்தை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பொருத்தும்போதே பாதி ஆயுள் போய்விடும்.

சுருட்டிய தகடு என்பதால் ஒரு தையல் கோடு இருக்கும். லோடு விழும் இடத்தில் அது வரக் கூடாது. தொடர்ந்து கிரீஸ் அடிப்பதும் தவறு: தேய்ந்த துகளோடு சேர்ந்து உரசும் பசையாக மாறும். துரு பிடிக்காமலிருக்க முதலில் ஒரு மெல்லிய பூச்சு என்றால் சரி. எண்ணெயில் மூழ்கி ஓடினால் டியூ இன்னும் நன்றாக ஓடும். கிரீஸ் போட்டே ஆக வேண்டிய மண்வெட்டி இயந்திரம் போன்ற இடங்களுக்கு அதே நிறுவனத்தின் டி.எக்ஸ். வகை இருக்கிறது, உள்பக்கம் அசிட்டால் பிளாஸ்டிக், கிரீஸ் தங்கச் சிறு குழிகள். ஈயம் ஆகாத இடத்துக்கு டி.பி.4, ஆனால் உலர்ந்த ஓட்டத்தில் அதன் பிவி 1.0, டியூவின் 1.8 அல்ல. "டியூ மாதிரியே, ஈயம் இல்லாதது" என்று வாங்கிப் பழைய கணக்கையே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கழற்றிப் பார்க்கும்போது உள்பக்கம் சாம்பலாக இருந்து, ஆங்காங்கே வெண்கலப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஓடும். லோடு விழும் பகுதி முழுவதும் வெண்கல நிறம் பரவிவிட்டால் உடனே மாற்றுங்கள். அதற்குப் பிறகு தேய்மானம் வேகமாகும், அடுத்து ஷாஃப்ட் கீறும்.

இக்லிடூர் ஜி: எல்லையைத் தெரிந்து வாங்கினால் நிம்மதி

பிளாஸ்டிக்கின் பிரச்சினை வெப்பம் கடத்தாமை. இதன் வெப்பக் கடத்துத்திறன் 0.24, எஃகு இதைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு. பிறந்த வெப்பம் பெரும்பாலும் ஷாஃப்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இகுஸ் கொடுக்கும் வேக வரம்புகளிலேயே இது தெரியும்: சுற்றினால் 1 மீட்டர், ஆடினால் 0.7, நேர்கோட்டில் சறுக்கினால் 4 மீட்டர். சறுக்கும்போது ஷாஃப்ட்டின் புதுப் புது பகுதி வந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆடும்போது ஒரே இடம் வேகிறது. நீண்டநாள் வெப்ப எல்லை 130 டிகிரி என்றாலும், சூடேற ஏற 80 மெகாபாஸ்கல் என்ற அழுத்த வரம்பு வேகமாக இறங்கும்.

20 கிலோ லோடு, 300 ஆர்.பி.எம். என்றால் பிவி 0.157. வரம்பில் 37 சதவீதம். எண்ணெயே இல்லாமல் ஓடலாம். ஆனால் பிவி எரியுமா என்பதை மட்டுமே சொல்லும், எவ்வளவு நாள் என்பதைத் தேய்மான எண்தான் சொல்லும். ஒரு கோடி நியூட்டன்-மீட்டர் உரசலுக்கு ஒரு கன மி.மீ. தேயும் என்று வைத்துக்கொண்டால், 0.157 பிவியில் 1,000 மணி நேரத்தில் 0.057 மி.மீ. தேயும். ஆறு மடங்கு மோசமான ஷாஃப்ட்டில் அதே நேரத்தில் மூன்றில் ஒரு மி.மீ. போய்விடும். செயின் டிரைவ் உள்ள இடத்தில் அந்த ஆட்டமே செயினைக் குதிக்கவைக்கப் போதும். இந்தத் தேய்மானத்தை இகுஸ் இணையக் கணிப்பானில் ஷாஃப்ட் வகையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். மற்ற நிறுவனங்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கையில் வைத்து வெர்னியரால் அளந்தால் உள்விட்டம் கூடுதலாகக் காட்டும், புஷ் தவறு என்று நினைத்துத் திருப்பித் தருபவர்கள் உண்டு. எச்7 ஹவுசிங்கில் அழுத்திய பிறகுதான் அது உரிய அளவுக்கு, 20.04-க்கும் 20.124-க்கும் இடையில் வரும். இந்தப் பெரிய கிளியரன்ஸ் (இடைவெளி) வேண்டுமென்றே விட்டது. சூட்டிலும் ஈரத்திலும் பிளாஸ்டிக் பருக்கும். துல்லியம் வேண்டிய ஸ்பிண்டிலுக்கு இது ஆகாது. ஈரம் என்றதும் ஓர் எச்சரிக்கை: ஜி வகை தண்ணீரில் ஊறினால் எடையில் 4 சதவீதம் வரை குடிக்கும், துளை இறுகும். தினம் கழுவும் இடத்துக்கு ஜே வகையைக் கேளுங்கள், அது 1.3 சதவீதம்தான். ஆனால் ஜே-யின் பிவி 0.34, அழுத்தம் 35 மெகாபாஸ்கல், வெப்பம் 90 டிகிரி. மூன்றுமே குறைவு.

லேத்தில் நைலான் ராடைக் கடைந்து போடும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. உலர்ந்த நைலானின் பிவி 0.1-ஐ ஒட்டித்தான், அதாவது நம் அளவில் 300 ஆர்.பி.எம்.மில் 13 கிலோ. இக்லிடூரைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அவசரத்துக்குப் போடலாம், ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும்.

பழைய கன்மெட்டல் (வார்ப்பு வெண்கல) புஷ்ஷைத் தனியாக மதிப்பிட அதிகம் இல்லை. ஈயம் கலந்த வார்ப்பு வெண்கலத்துக்கு, உதாரணமாக எஸ்.ஏ.இ. 660-க்கு, பிவி 2.6 வரை கேட்லாக் கொடுக்கும். அழுத்தம் 28 மெகாபாஸ்கல். அந்த எண் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளுக்குச் சொந்தமானது, உலோகத்துக்கு அல்ல. தவறாமல் கிரீஸ் அடிக்கும் ஆள் இருக்கும் ஆலையில் மூன்று புதிய வகைகளையும்விட இது நம்பகமானது. அடிபட்டாலும், மண் புகுந்தாலும் தாங்கும். கிரீஸ் பள்ளத்தை லோடு விழும் பக்கத்தில் வெட்டாதீர்கள். பள்ளத்தின் ஓரம் படலத்தை அறுத்து, அழுத்தத்தை வழியவிட்டுவிடும். லோடுக்கு எதிர்ப்பக்கம் வெட்டி, புஷ்ஷின் இரு முனைக்கும் 3 மி.மீ. முன்பாகவே நிறுத்திவிட வேண்டும்.